மூலவர் வீட்டுக் காற்று

செங்காட்டில் யாருக்கும் தன் வீட்டு முகவரி தெரியாது. செவ்வாயின் அந்தக் குடியிருப்பில் சோறு, தண்ணீர், காற்று எல்லாவற்றையும் ‘ஆக்கி’ என்ற இயந்திரம்தான் செய்து அனுப்பும். கட்டளையில் ‘இல்லம்’ என்று எழுதினால் போதும். இடுபவர் யாரென்று பார்த்து, அவர் வீட்டுப் பாதையை ஆக்கியே நிரப்பிக்கொள்ளும். ஒரே கட்டளை எல்லோருக்கும் பொருந்தும். முகவரியைக் கையால் எழுதுகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். முகவரிப் பலகையையே எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

ஆக்கிக் கூடத்தில் வேலை பார்த்த அமுதவாணியும் அப்படிச் சிரித்தவள்தான். ஒரு நாள் அவள் வீட்டுச் சுவர் விரிசல் விட்டுக் காற்று கசிந்தது. மற்ற வீடுகளின் காற்றைக் காக்கக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே, விடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் ஞானசேகர்.

“வாணி, மூச்சு முட்டுது,” என்றது ஒலிபெருக்கியில் அவன் குரல்.

“இதோ அனுப்பிடறேங்க. பேசாதீங்க, காத்து வீணாகும்.”

விரிசலை அடைக்கும் இயந்திரம் போய்ச் சேரும்வரை தாங்கினால் போதும். சேமக் கலத்தில் அந்த அளவுக்குக் காற்று இருந்தது. கட்டளையிட்டாள். ‘அனுமதி இல்லை’ என்றது ஆக்கி. சேமக் காற்றைத் தொட மூலவராக நுழைய வேண்டும். மூலவர் என்று ஓர் ஆள் கிடையாது. எல்லாப் பூட்டையும் திறக்கும் அதிகாரத்துக்கு, முதலில் குடியேறியவர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் அது.

“சார், மூலவர் சாவி குடுங்க. என் வீட்டுக்காரர் செத்துடுவார் சார்!”

எதற்கெடுத்தாலும் விதி பேசும் மேலாளர் தாமோதரன், “எடுத்துக்கம்மா, சீக்கிரம்,” என்றார்.

மூலவராக நுழைந்து அதே கட்டளையை இட்டாள்: சேமக் காற்று முழுவதும் இல்லத்துக்கு. ஆக்கி மறுக்கவில்லை. குழாய்கள் அதிர்ந்தன. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“காத்து வருதாங்க?”

“ஒண்ணும் வரலையே.”

தாமோதரன் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “நீ இப்ப மூலவரும்மா. காத்து மூலவர் வீட்டுக்குப் போகுது.”

இல்லாத ஆளுக்கும் முதல் நாளே ஒரு வீடு கட்டி வைத்திருந்தது ஆக்கி. யாரும் எட்டிப் பார்க்காத வீடு. இட்ட கட்டளையை நிறுத்தவோ, போன காற்றைத் திரும்ப இழுக்கவோ வழியில்லை.

“கலத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு. உன் வீட்டு முகவரியச் சொல்லு, கையால எழுதிடலாம்!”

 அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“என்னங்க, நம்ம வீட்டு முகவரி என்ன?”

அவன் யோசித்தான். அவன் மூச்சுச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

“இல்லம்... இல்லம்தானே, வாணி?”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. கலம் காலியானது. திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன: ‘இல்லத்தில் காற்று நிறைந்தது. நல்வரவு, மூலவரே.’