சுவரடியில் ஒரு பொந்து

கொத்தனாருக்கு ஓட்டை என்றாலே ஆகாது. இலைகள் உதிரத் தொடங்கிய நேரத்தில், மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தார். அன்றே தோட்டத்துச் சுவரடியில் ஒரு பொந்து அவர் கண்ணில் பட்டது. சாமான்களை இறக்கி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. சிமெண்டைக் குழைத்து அடைத்துவிட்டுத்தான் கை கழுவினார்.

"இனிமே எறும்புகூட நுழையாது," என்றார் பெருமையாக.

"அடுப்படிக் குழாய் ஒழுகுது. அதை விட்டுட்டு ஊர்ல இல்லாத ஓட்டையெல்லாம் தேடுங்க," என்றாள் மனைவி.

மறுநாள் பொழுது சாயும் நேரம். மட்கிய சருகின் வாடை தோட்டம் முழுக்கக் கனத்துக் கிடந்தது. சுவரடியில் சரசரப்பு கேட்டு எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தேரைகள், அரணைகள், நடுவே ஒரு பாம்பு. ஒன்றையொன்று சீண்டவில்லை. எல்லாமே சிமெண்ட் பூச்சைப் பார்த்தபடி அசையாமல் இருந்தன.

வரிசையின் கடைசியில் மகள் குந்தியிருந்தாள்.

"குளிர் முடியறவரைக்கும் உள்ளதான் தூங்குவாங்களாம்ப்பா. இப்ப வழியில்லையாம்," என்றாள் மெல்ல.

அவளை அள்ளிக்கொண்டு ஓடினார். அவள் கை சில்லென்றிருந்தது. கம்பளியைப் போர்த்தியும் சூடு ஏறவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடுத்தடுத்த நாட்களில் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள், பேச்சும் நின்றது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே காத்திருக்கவேண்டி வந்தது.

தோட்டத்தில் அவையும் நகரவில்லை.

"அதை உடைச்சிடுங்க," மனைவி கிசுகிசுத்தாள். "எனக்கு என் பிள்ளை வேணும்."

சுத்தியலும் உளியும் எடுத்துப் போனார். பூச்சு பெயர்ந்ததும் அவை ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசியாகப் பாம்பின் வால் மறைந்தது.

படுக்கையில் கிடந்தவள் எப்படி எழுந்து வந்தாளோ, மகளும் பொந்துக்குள் தலையை நுழைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புவரை போய்விட்டாள்.

பாய்ந்து கால்களைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டாள்.

உடம்பு கதகதவென்றிருந்தது. மனைவி அவளை வாங்கி அணைத்துக்கொண்டு அழுதாள். அவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது பொந்துக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"அப்பா, என்னை ஏன் விட்டுட்டீங்க?"

மகளின் குரல்.

மனைவியின் தோளில் சாய்ந்திருந்த குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. பிறகு கண்களை மூடியது.

தேரைக்குப் போல, கீழ் இமைகள் மேலே ஏறி மூடின.