இனிஷியல் இல்லாத பூட்டு

"அய்யோ... யாராவது கதவைத் தொறங்க!"

அலறல் வந்தது குளிர் அறைக்குள்ளிருந்து!

கிணத்துக்கடவு. அங்கப்பன் ஐஸ்கிரீம் கம்பெனி. காலை மணி பதினொன்று.

உள்ளே முதலாளி அங்கப்பன். மைனஸ் பதினெட்டு டிகிரி. உடம்பில் வேட்டி, சட்டை மட்டும்!

வெளியே மூன்று பேர். கம்ப்யூட்டர் எஞ்சினியர் வர்ஷினி, சூப்பர்வைசர் மனோஜ்குமார், முதலாளியின் மனைவி புவனா.

"வர்ஷினி! நான் வெறைச்சுப் போனா... உனக்கு வேலை இல்லை கண்ணு!"

"தொறந்துபோடறேனுங்க ஐயா!"

லேப்டாப்பைப் பிரித்தாள்.

அங்கே பூட்டு, விளக்கு, குளிர் எல்லாமே ஒரே ஒரு ஃபைலின் பேச்சைத்தான் கேட்கும். அதில் எழுதியிருப்பதுதான் நடக்கும்.

கம்பெனிக்காரர்கள் சொந்தமாகச் சேர்க்கும் ஸ்விட்ச்சுக்கு முன்னால் 'அங்கப்பன்' என்று இனிஷியல் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சிஸ்டத்தின் ஸ்விட்ச்சுகளோடு கலந்துவிடும். வர்ஷினி போட்ட சட்டம் அது.

'அங்கப்பன்.கதவு.பூட்டு = இல்லை.'

"நம்ம ஸ்விட்ச் பூட்டவே இல்லீங்க!"

"அப்ப... கொலை முயற்சிங்களா?" மனோஜ்குமாருக்கு ஒரே குஷி.

வர்ஷினிக்குப் பொறி தட்டியது. இனிஷியல் இல்லாத பட்டியல்! சிஸ்டத்தின் சமாச்சாரம் என்று அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பார்த்தாள்.

'காவல்.பதினொருமணி = ஆம்.'

"பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டற ஸ்விட்ச்! இது சிஸ்டத்தோடது இல்லீங்க! யாரோ நம்மாளு இனிஷியல் போடாம ஒளிச்சு வெச்சிருக்காங்க!"

"பதறாத அம்மணி. அஞ்சு நிமிசத்துல தானாத் தொறந்துக்கும்," என்றாள் புவனா.

வர்ஷினி மெல்லத் திரும்பினாள்.

"உங்களுக்கு... எப்படிங்க தெரியும்?"

க்ளிக்!

கதவு திறந்தது. அங்கப்பன் வந்தார், உயிரோடு! மீசை நிறைய இளநீர் ஐஸ்கிரீம்!

"இவருக்குச் சக்கரை முந்நூத்தி நாப்பது!" புவனா பொரிந்தாள். "தெனமும் பதினொரு மணிக்குத் திருட்டு! இனிஷியலோட எழுதினா இவரு பட்டியல்ல பார்த்துபோடுவாரு. அதான் ஒளிச்சு வெச்சு, கையும் களவுமாப் பிடிச்சேன். நானும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர்தான் கண்ணு!"

அங்கப்பன் அவசரமாக மீசையைத் துடைத்தபடி கேட்டார்.

"இருந்தாலும்... சட்டத்தை மீறினது தப்புத்தானுங்களே?"

"தப்புத்தானுங்க," புவனா ஒப்புக்கொண்டாள். "அம்மணி, மொறையாத் திருத்திப்போடு."

வர்ஷினி சந்தோஷமாகத் தட்டினாள்.

'அங்கப்பன்.ஐஸ்கிரீம் = இல்லை.'

"இப்ப இனிஷியல் சரியா இருக்குதுங்களா ஐயா?"