வாய்மொழிப் பதிப்பு

காலையில் மெஹருன்னிசாவுக்கு வந்த முதல் அழைப்பு ஒரு பல் மருத்துவரிடமிருந்து. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தளத்தில் போட வேண்டும். போட்டாள். மருத்துவரின் முன்பதிவும் வாசல் பூட்டும் உடனே அதற்கேற்ப மாறிக்கொண்டன. கோயம்புத்தூரில் இப்போது எந்தத் தொழிலுக்கும் வலைத்தளம்தான் பத்திரம். தளத்தில் இருப்பதே சட்டப்படி உண்மை. வங்கியும் கதவும் அதைப் பார்த்தே நடக்கும்.

அந்தத் தளங்களைக் கட்டிப் பராமரிப்பது மெஹரின் தொழில். இப்போது நிறுவனம் தன் கருவியை மேம்படுத்தியிருந்தது. புதிய வாய்மொழிப் பதிப்பில் வாடிக்கையாளர் யாரையும் கூப்பிட வேண்டாம். தன் இடத்தில் நின்று சொன்னால் போதும், தளம் தானே மாறிவிடும். எல்லாரையும் அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் பிறகு தனக்கு என்ன வேலை என்று மெஹரிடம் யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாற்றிக் கொடுக்க வேண்டியது சிங்காநல்லூரில் ஒரு நீச்சல் பள்ளிக்கு. வெண்மதியும் அவள் தம்பி கதிர்வேலும் சேர்ந்து நடத்துவது. இருவருக்கும் ஓயாத சண்டை. "இவன் பேரை எடுத்துருங்க" என்று வெண்மதி கூப்பிடுவாள். "கையில வேலை இருக்குக்கா, சாயங்காலம் எடுத்துடறேன்" என்பாள் மெஹர். கையில் ஒன்றும் இருக்காது. பொழுது சாய்வதற்குள் வெண்மதியே கூப்பிட்டு, "வேண்டாமுங்க, விட்டுருங்க" என்பாள்.

மெஹர் குளத்தைச் சுற்றி ஒலிவாங்கிகளைப் பொருத்தி, இருவர் குரலையும் பதிவு செய்தாள்.

"எதாச்சும் சொல்லிப் பாருங்கக்கா."

"நாளைக்குக் காலை வகுப்பு கிடையாது."

திரையில் வகுப்பு மறைந்தது. குளத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கதிர்வேல் "அட!" என்று திரையருகே வந்தான். அவன் பார்வை திரையில் இருந்த நேரத்தில், ஆழமான பக்கம் ஒரு சிறுமி மூழ்கினாள். கட்டிய புடவையோடு பாய்ந்தது வெண்மதிதான். சிறுமி இருமி, தண்ணீரைக் கக்கி, ஓவென்று அழுதாள். உயிருக்கு ஒன்றுமில்லை.

வெண்மதி கரையேறித் தம்பி பக்கம் திரும்பினாள். "உன்னை நம்பித்தானடா விட்டேன்! நீ இங்க வேண்டாம். இன்னியோட உனக்கும் இந்தப் பள்ளிக்கும் சம்பந்தமில்லை!"

கதிர்வேலின் படமும் பெயரும் தளத்திலிருந்து போயின. கரையில் இருந்த பெற்றோர்களின் கைபேசிகள் ஒன்றாக அதிர்ந்தன. வெளியாள் ஒருவர் உள்ளே இருப்பதாக வாசல் கதவு அறிவித்தது.

மெஹர் பதறித் திரையைத் தட்டினாள். பழைய நிலைக்குத் திருப்பும் வசதியைப் புதிய பதிப்பில் எடுத்திருந்தார்கள். நீக்க ஒரு குரல் போதும். சேர்க்க இரண்டு குரலும் வேண்டும்.

"கதிரு, சேர்ந்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அக்கா, நீங்களும்..."

வெண்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அக்கா சொன்னது சரிதானுங்க" என்று கதிர்வேல் வெளியேறினான். அவன் போனதும் கதவு பூட்டிக்கொண்டது.

மத்தியானமே வெண்மதியின் கோபம் ஆறிவிட்டது. தம்பியைக் கைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மெஹரும் கிளம்பாமல் கூடவே இருந்தாள். பொழுது சாயும்போதுதான் அவன் எடுத்தான், திருப்பூரிலிருந்து பேசினான். அங்கே சிநேகிதன் நடத்தும் நீச்சல் குளத்தின் கரையில் உட்கார்ந்து மனம்விட்டுப் புலம்பியிருக்கிறான்.

"இனி உங்கூடவே இருந்துக்கறேன்டான்னு சும்மா சொன்னேங்க்கா. அவனும் இருடான்னான். அங்கயும் இதே கருவி. ஒரு வருச ஒப்பந்தமா எழுதிக்கிச்சு."

வெண்மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒலிவாங்கிகளை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தாள். பிறகு மெஹரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தெருவைக் கடந்து, ஒலிவாங்கிகளுக்கு எட்டாத பஸ் நிறுத்தத்துக்கு வந்துதான் நின்றாள்.

"பாவிப்பய! புள்ளையப் பாக்காம திரையப் பாத்துட்டு நின்னானே! இனி அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்! செத்தாலும் அவன் வரவேண்டாம்!" மறுபடி மூண்ட ஆத்திரம் தீரக் கத்தினாள். கத்திக் கத்தி அழுதாள்.

மெஹர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தத் தளத்திலும் எதுவும் மாறவில்லை.