ராஸ் பார்க்காத எபிசோட்

ரேவின் வண்டியை நிறுத்தியபோது மணி பன்னிரண்டு. ஆனால் ஐடா பள்ளத்தாக்கில் அன்று பகல் என்று ஒன்று வந்ததாகவே தெரியவில்லை. எட்டு நாளாகத் தரையோடு படுத்துக் கிடந்த மூடுபனி, விடியற்காலையின் சாம்பல் வெளிச்சத்தையே நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. வேலிக்கம்பிகளில் கட்டைவிரல் தடிமனுக்குப் பனி முள்முள்ளாகப் பூத்திருந்தது. மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் முதுகில் வெள்ளையோடு அசையாமல் நின்றன. மைனஸ் பதின்மூன்று என்று காலையில் ரேடியோவில் சொன்னார்கள்.

ஒரு மணி நேர வேலைதான். குழாய்கள் உறைந்து வெடிப்பதற்குள் தண்ணீரை வடித்துவிட்டு, பூட்டிக்கொண்டு, டனீடனில் தங்கை வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கணவன் ராஸ் போய் நான்கு வாரம் ஆகிறது. அடக்கம் முடிந்த அன்று பூட்டிய கதவை அவள் இன்றுதான் திறக்கிறாள்.

கதவு பனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோளால் முட்டித் திறந்தாள். உள்ளே ஆறிப்போன சாம்பல் வாடை. ஈரக் கம்பளி வாடை. அதற்கு அடியில் மெல்லிசாக, ராஸ் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடை.

நான்கு வாரத்தில் போயிருக்க வேண்டிய வாடை அது.

வெளியே இருந்ததைவிட வீட்டுக்குள் குளிர் அதிகமாக இருந்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் பல்லெல்லாம் கூசியது.

அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் இல்லை. பதிவான நிகழ்ச்சிகளின் பட்டியல் மட்டும் நீலமாக நின்றது. ‘கருந்துறை’ தொடரின் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஐந்தாம் எபிசோட் மேல் வெளிச்சக் கட்டம் நின்றுகொண்டிருந்தது.

“நாந்தான் அணைக்காமப் போயிருப்பேன்,” என்று வாய்விட்டுச் சொன்னாள். வெறும் வீட்டில் தன் குரலைக் கேட்டதும் என்னவோ போலிருந்தது. சுவரில் ஸ்விட்சை அணைத்தாள்.

குழாய்களை வடித்து முடிப்பதற்குள் ரேடியோ அடுத்த செய்தியைச் சொல்லிவிட்டது. மலைச்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனித்தகடு, ஒரு பால் லாரி கவிழ்ந்திருக்கிறது, நாளைக் காலை வரை சாலை மூடல். ரேவின் விறகடுப்பை மூட்டினாள். பைன் கட்டைகள் பிடித்து நன்றாக எரிந்தன, இரும்புக் கதவு சிவக்கும் அளவுக்கு. அரை மணி கழித்து அலமாரியில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள்.

இரண்டு டிகிரி.

அடுப்பின் முன்னால் கையை நீட்டினால் சுட்டது. ஓரடி தள்ளி வந்தால் ஒன்றுமில்லை. சோபா அருகே போகப் போகக் குளிர் கூடியது. சோபாவின் இடது ஓரத்தில்தான் ராஸ் உட்காருவான். அந்த மெத்தை குழிந்திருந்தது.

பழைய மெத்தைதானே, குழியாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அதில் உட்காரவில்லை.

இரண்டு மணிக்கு ஹுஹானா வந்தாள். மூன்று பண்ணை தள்ளி இருப்பவள். கையில் ஒரு பானை பூசணி சூப், காதுவரை இறங்கிய தொப்பி, மூக்கு மிளகாய்ப் பழம்.

“என்னடி இது, வீடா ஐஸ் பெட்டியா? நெருப்பு எரியுது, வாயில புகை வருது!” என்றாள் உள்ளே நுழைந்ததுமே.

“கல் வீடு. நாலு வாரம் பூட்டிக் கிடந்ததுல்ல. சூடேற நேரமாகும்.”

“ஆகும் ஆகும், அடுத்த கோடைக்கு ஆகும்.” கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அவள் போன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. “இந்த மெர்வ் இருக்கானே! போன வாரம் கடைசி எபிசோட் முடிஞ்சதுலேருந்து தூங்கல போல. எழுதினவனை நம்ம அணையில உறைஞ்ச பனி மேல நிக்க வச்சு, சுத்திலும் பனியை அறுத்து விடணுமாம். கொலீன் ஏழு அழுகைப் பொம்மை போட்டிருக்கா. நானும் அழுதேன்னு வை. குழாய் உறைஞ்சு, ரோடு உறைஞ்சு, இந்த ஊர்ல உறையாம ஓடுறது எங்க கண்ணீர் மட்டுந்தான்.”

பள்ளத்தாக்கில் புதன்கிழமை தோறும் ‘கருந்துறை’ பார்த்துவிட்டு போனில் அடித்துக்கொள்ளும் கூட்டம் அது, பதினோரு பேர். ராஸும் ரேவினும் அதில் இருந்தவர்கள்தான். ராஸ் எழுதுவதில்லை, சொல்லச் சொல்ல ரேவின் தட்டுவாள்.

“நீ எங்க நிக்கிறே? ஆறா, ஏழா?”

“நாலு.”

“நாலா!” ஹுஹானா வாயைப் பிளந்தாள். “அப்போ புயல்ல படகு போனதோட... அய்யோ, டூகல் கிழவன் என்ன ஆனான்னே உனக்குத் தெரியாதா? நான் சொல்லட்டுமா? ஒண்ணே ஒண்ணு...”

“சொல்லாதே.”

அந்தச் சொல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. ஹுஹானா நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லாதே ஹுஹானா. இங்க வேண்டாம்.”

அப்போது சோபாவின் இடது பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

இரண்டு பெண்களும் அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“ஈர விறகு,” என்றாள் ஹுஹானா மெதுவாக.

“ஆமா. ஈர விறகு.”

ஹுஹானா தன் வீட்டுக்கு வரச்சொன்னாள், இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றாள். கதவருகே போய்க் கையுறையை மாட்டியபடி, எத்தனையோ வருடப் பழக்கத்தில் சொன்னாள்: “வரேன் ரே. வரேன் ராஸ்.”

சொன்னவள் அப்படியே நின்றாள். கை வாய்க்குப் போனது.

“நான் ஏன் அப்படிச் சொன்னேன்?” கிசுகிசுத்தாள். “ரே, உள்ள போகாதே. இப்பவே என்கூட வா.”

ரேவினும் கிளம்பத்தான் கிளம்பினாள். கோட்டை எடுத்தாள், வண்டிவரை போனாள், உறைந்த கைப்பிடியில் கை வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். அவன் எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ராஸைச் சேர்த்திருந்த டனீடன் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மோட்டலில் அவள் தங்கியிருந்தாள். தனியாக ஒரு எபிசோடும் பார்ப்பதில்லை என்பது இருவருக்கும் இருந்த ஒப்பந்தம். அந்தப் புதன்கிழமை, டாக்டர் இனி நாள் கணக்குத்தான் என்று சொன்ன அன்று, அறைக்கு வந்து டிவியைப் போட்டாள். சும்மா ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் என்றுதான் போட்டாள். ‘கருந்துறை’ வந்தது. அணைக்கவில்லை. படகோட்டி டூகல், ஓடிப்போன மகளைப் புயலிலிருந்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, தான் தண்ணீரோடு போனான். ராஸ் நான்கு வாரமாகக் கத்திக் கத்தி ஊக்கம் கொடுத்த கிழவன்.

மறுநாள் ராஸ் கேட்ட முதல் கேள்வி அதுதான். குழாய் மாட்டிய மூக்கோடு, மூச்சுக்கு ஒரு சொல்லாக: “டூகல்... பிழைச்சானா?”

“எனக்கென்ன தெரியும்? நான் பாக்கல,” என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். அவள் கண்கள் வீங்கியிருந்தன. பிறகு சொன்னான்: “சரி. வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்.”

அன்று சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்விட்டான்.

வண்டியின் கைப்பிடியிலிருந்து ரேவின் கையை எடுத்தாள்.

“நீ போ ஹுஹானா. எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு.”

ஹுஹானாவின் பின்விளக்குகள் மூடுபனியில் கரையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

சுவர் ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது. டிவியில் பட்டியல் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். இடது பக்கம் பார்க்கவில்லை. ரிமோட்டை அழுத்தினாள்.

கடல் வந்தது. புயல் வந்தது. இருண்ட கூடத்தில் அலைகளின் வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. தன் மூச்சு வெள்ளையாக எழுந்து, டிவி வெளிச்சத்தில் நீலமாகிக் கலைவதைப் பார்த்தாள்.

பக்கத்திலிருந்து இன்னொரு மூச்சு எழுந்தது.

அவளுடையதைவிட மெதுவானது. கனமானது.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணோரத்தில் மட்டும் பார்த்தாள். ஆள் இல்லை. குழிந்த மெத்தைக்கு மேலே, உட்கார்ந்திருக்கும் ஒருவனின் முகம் இருக்கும் உயரத்தில், அந்த வெள்ளை மூச்சு வந்தது, கலைந்தது, வந்தது.

படகு கவிழ்ந்தபோது அது வேகமாக வந்தது.

மகளின் கை டூகலின் கைக்கு எட்டியபோது குட்டிக் குட்டியாக வந்தது. சிரிப்பைப் போல.

டூகல் அவளைப் பாறைமேல் தள்ளினான். அலை எழுந்தது. அலை இறங்கியது. பாறையில் மகள் மட்டும் இருந்தாள்.

மூச்சு நின்றுவிட்டது.

ரேவின் காத்திருந்தாள். ஐந்து எண்ணினாள். பத்து எண்ணினாள். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் எண்ணினாள், அன்றும் அடுத்தது வரவில்லை. கூடத்தின் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி கிறீச்சென்று படர்ந்தது. அடுப்பின் தழல் நீலமாகச் சுருங்கியது.

“நான் முன்னாடியே பாத்துட்டேன், ராஸ்.”

குரல் உடைந்தது.

“மோட்டல்ல பாத்தேன். நீ கேட்டப்போ பொய் சொன்னேன். நீ படுத்திருந்த நெலமையில, கிழவன் போயிட்டான்னு எப்படிச் சொல்வேன்? சொல்ல முடியலப்பா. நீ அதையே நெனச்சுக்கிட்டுப் போவியோன்னு... கடைசியா நீ கேட்டது அது ஒண்ணுதான். அதுக்குக்கூட நான் உனக்கு நேரா பதில் சொல்லல.”

அவள் அழுதாள். நான்கு வாரமாகத் தங்கை வீட்டில் அடுத்தவர் காதில் விழாமல் அழுத அழுகை இல்லை இது. வாய் திறந்து, மூக்கு ஒழுகி, மாடு கத்துவதுபோல் அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே குளிர்ந்து இறுகியது.

பக்கத்தில், காதுக்கு வெகு அருகில், காய்ந்த இலை மிதிபட்டதுபோல் ஒரு குரல்:

“தெரியும்.”

அவள் உடம்பு முழுக்க மயிர் எழுந்து நின்றது.

நீளமாக ஒரு வெள்ளை மூச்சு அவளைத் தாண்டி டிவி வரைக்கும் போனது.

“அடுத்ததப் போடு, ரே.”

அவள் போட்டாள். ஆறைப் போட்டாள், ஏழைப் போட்டாள், எட்டைப் போட்டாள். டூகலின் மகள் படகைப் பழுது பார்த்தாள். அப்பனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு துறையில் நின்றாள். ஆட்கள் வந்து ஏறினார்கள். கடைசிக் காட்சியில் அவள் தனியாகக் கயிற்றை அவிழ்த்தபோது, மூச்சுகள் இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாகக் கலைந்தன. எது தன்னுடையது என்று ரேவினுக்குத் தெரியவில்லை.

திரை கறுத்தது. மணி ஏழரை.

அப்போதுதான் கூடத்தில் கதகதப்பு ஏறுவதை உணர்ந்தாள். ஜன்னலின் உள்பனி உருகிச் சொட்டியது. இடது பக்கம் கை நீட்டித் தடவிப் பார்த்தாள். வெறும் மெத்தை. தைல வாடை போயிருந்தது. இத்தனை நேரம் பயந்தவள், இப்போது அந்தக் குளிர் போய்விட்டதே என்று தவித்தாள். ‘ராஸ்’ என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். அடுப்பு மட்டும் படபடத்தது.

போனை எடுத்துக் கூட்டத்துக்கு எழுதினாள்: ‘எட்டும் பாத்துட்டோம். டூகலுக்காக அழுதோம். மெர்வ், எழுதினவனை விட்டுடு. அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்.’

ஹுஹானாவிடமிருந்து மட்டும் பதில் வந்தது: ‘பாத்தோமா?’

காலையில் சாலை திறந்தது. ரேவின் ஒவ்வொன்றாகச் செய்தாள். சாம்பலை வாளியில் அள்ளி, வெளியே பனியில் கொட்டி, சூடு இல்லை என்று குச்சியால் கிளறிப் பார்த்தாள். அடுப்பைத் துடைத்தாள். மின்சாரத்தை மெயினிலேயே அணைத்தாள். கதவைப் பூட்டி, சாவியை இரண்டு முறை திருப்பினாள். அழுகை வரவில்லை. முடித்துக் கொடுக்க வேண்டியதை முடித்துக் கொடுத்தாயிற்று என்று இருந்தது.

மலையின் பாதி உயரத்தில் மூடுபனி சட்டென்று அறுந்து, வெயில் முகத்தில் அடித்தது. ஒன்பது நாளில் முதல் வெயில். கண் கூசி வண்டியை ஓரம் கட்டியபோது போன் அடித்தது.

“ரே, கிளம்பிட்டியா?” ஹுஹானா. குரல் தாழ்ந்திருந்தது.

“மலையில இருக்கேன். என்ன?”

“அடுப்பை அணைச்சியா?”

“சாம்பல்கூட இல்லாம வாரிட்டேனே. ஏன்?”

“உன் ஆட்டுக்குத் தீனி போட வந்தேன். உன் வீட்டுக்கு முன்னாடி நிக்கிறேன். புகைபோக்கியில புகை வருது, ரே. நல்லா கெட்டியா, வெள்ளையா வருது. இப்பதான் மூட்டின மாதிரி.”

ரேவின் கீழே திரும்பிப் பார்த்தாள். பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளைத் தரைபோல் மூடுபனி கிடந்தது. வீடும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை.

“உள்ள போய்ப் பாக்கட்டுமா? சாவி எங்க வச்சிருக்கே?” என்றாள் ஹுஹானா. அவளுக்குப் போக விருப்பமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

“போகாதே.”

“அப்போ புகை?”

ரேவின் அந்த வெள்ளையையே பார்த்தபடி சொன்னாள்:

“எரியட்டும் ஹுஹானா. அவன் ரொம்ப நாளா குளிர்ல இருந்திருக்கான்.”