ஐந்தாம் கூடாரத்து நாற்றம்

ஆனந்தராஜ் வந்து உட்கார்ந்ததுமே செம்மல் தன் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்கு நகர்த்திக்கொண்டான். வந்தவரின் சட்டையிலிருந்து அத்தர் வாசனை குடம் குடமாகக் கொட்டியது. அதற்கு அடியில், நனைந்து காயாத துணியின் பூஞ்சை வாடை. இரண்டும் சேர்ந்து செம்மலின் காலை இட்லியைத் தொண்டைவரை கொண்டுவந்தன.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது ரஞ்சிதாவின் அலுவலகம். சுகாதார ஆய்வாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். இப்போது கலப்படம், தீ விபத்து, தண்ணீர்த் தகராறு என்று தனியாக விசாரித்துக் கொடுக்கிறார். எதைப் பார்த்தாலும் முகம் மாறாது. செம்மல் அதற்கு நேர் எதிர். பக்கத்துத் தெருவில் பால் திரிந்தால் இங்கே முகம் சுளிப்பவன். அந்த மூக்குக்காகத்தான் ரஞ்சிதா அவனை வேலைக்கு வைத்திருந்தார்.

“வல்லத்திராக்கோட்டையத் தாண்டி, கண்மாய்க் கரையில டென்ட் ரிசார்ட் நடத்துறேன் மேடம்,” என்றார் ஆனந்தராஜ். “நீர்க்கரைன்னு பேரு. சாதா டென்ட் இல்லீங்க. கட்டில், ஏசி, பாத்ரூம் எல்லாம் உள்ளயே. மெட்ராஸ், பெங்களூர்லேருந்து ஆளுக வருவாங்க. பக்கத்து மேட்டுல பொன்னுத்தாய்னு ஒரு அம்மா கோழிப் பண்ணை வச்சிருக்கு. ஆடி மாசத்துலேருந்து ஒரே நாத்தம். ஒண்ணு, மூணு, அஞ்சு, இந்த மூணு டென்ட்லயும் மனுசன் படுக்க முடியல. நேத்துக்கூட அஞ்சுல கால் வச்சிட்டு, அப்படியே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன்.”

“எங்களால என்ன ஆகணும்?”

“பண்ணைக்கு சீல் வைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கேன். நாளைக்கு அதிகாரிங்க பாக்க வாராங்க. நீங்க அந்த வேலையில இருந்தவங்க. கூட நின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எடுபடும்.”

“முதல்ல வந்து மூச்சு விட்டுப் பாக்குறோம்,” என்றார் ரஞ்சிதா. “வார்த்தையை அப்புறம் பாத்துக்கலாம்.”

கார்த்திகை மழை இரவெல்லாம் அடித்து அப்போதுதான் விட்டிருந்தது. விளம்பரப் படத்தில் செம்மல் பார்த்தது தாமரையும் பனிமூட்டமும் வெள்ளைக் கூடாரங்களும். நேரில் பார்த்தது வேறு. பலகைப் பாதை முழுவதும் மரவட்டைகள் சுருண்டு கிடந்தன. மிதித்த இடத்தில் நெறுக்கென்றது. கூடாரங்களின் அடிப்பகுதியில் கரும்பூஞ்சை புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது. தாமரை இலைகளுக்கு நடுவே, யார் வீட்டுக் குழந்தையுடையதோ, ஒரு டயப்பர் ஊறிப் பருத்து மிதந்தது. சாம்பல் நிறத்தில் நுரைத்த தண்ணீர் ஒரு குழாய் வழியே கண்மாய்க்குள் வடிந்துகொண்டிருந்தது. இயற்கையோடு ஒன்றத்தான் இங்கே வருகிறார்களாம். செம்மல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டான்.

“தை, மாசிதான் நமக்கு சீசன்,” என்று சொல்லிக்கொண்டே ஆனந்தராஜ் முன்னால் நடந்தார். “சித்திரையில ஏசி போட்டாலும் உள்ள வேகும். ஆடிக் காத்து கித்தானையே கிழிச்சுப் போட்டுரும். அந்தத் தையல் வேலை எல்லாம் நானேதான் மேடம். கத்தார்ல கூடாரக் கம்பெனியில பதினோரு வருசம் இருந்தேன். என் டென்ட்ல வேற ஒருத்தர் ஊசி எடுக்க விடமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை வந்தாத்தான் தொல்லை. கண்மாய் நெறைஞ்சா தண்ணி கட்டிலுக்கே வந்துரும்.” அவர் பார்வை வேலிக்கு அப்பால், மேற்கே உயர்ந்திருந்த செம்மண் மேட்டுக்குப் போனது. “அந்த மேடு நம்ம கையில இருந்தா வருசம் பூரா நடத்தலாம்.”

முதல் கூடாரத்தின் திரையை விலக்கியதும் செம்மல் இரண்டடி பின்வாங்கினான். நாற்றம் முகத்தில் ஈரத் துணியைப் போல் அப்பியது. வெள்ளை விரிப்பு, பூச்சாடி, மடித்து வைத்த துண்டு, எல்லாவற்றின் மேலும் அது படிந்திருந்தது. வாய் திறந்தால் நாக்கில் எண்ணெய் போல ஒட்டியது.

“கண்ணு எரியுதா?” என்று கேட்டார் ரஞ்சிதா. அவர் மூக்கைப் பொத்தவில்லை.

“எரியல மேடம். குமட்டுது.”

மூன்றாம் கூடாரத்திலும் அதேதான். ஐந்தாவதற்குள் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். தரையில் தண்ணீர் கசிந்திருந்தது. பூஞ்சை வாடை மட்டுமே இருந்தது.

“இங்க ஒண்ணும் இல்லையே,” என்றான்.

“காத்து மாறியிருக்கும் தம்பி,” என்றார் ஆனந்தராஜ். “விட்டு விட்டுத்தான் வரும்.”

ரஞ்சிதா கூரையை நிமிர்ந்து பார்த்தார். உள்பக்கத்துப் பருத்தித் துணியில் ஓர் எறும்பு வரிசை மேலே ஏறி, கூரையருகே ஒரு தையலுக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே, வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள் பிளெஸ்ஸி. கூடாரங்களைப் பெருக்குவது, விருந்தாளிகளுக்கு மீன் கழுவிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். அடுப்புப் புகை தாழ்வாக, வேலியைத் தாண்டி மேட்டுப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

“அஞ்சாம் டென்ட்ல யாரும்மா கடைசியா தங்குனது?” என்றார் ரஞ்சிதா.

“அதுல ஆளு தங்கி ரெண்டு மாசம் ஆச்சுங்க. ஒழுகுதுல்ல. கூட்டுறதுக்குக்கூட அங்கிட்டுப் போறதில்ல.”

“மீன் எங்கேருந்து வருது?”

“ஜெகதாப்பட்டினத்துலேருந்து ஆனந்தராஜ் அண்ணன் எடுத்துட்டு வருவாங்க. நான் கழுவித் துண்டு போடுவேன். கொடலைக் குழியில போட்டு மூடிருவேன். இப்பக் கொஞ்ச நாளா அண்ணனே கேட்டு வாங்கிக்கிறாங்க. செடிக்கு ஒரமாம்.”

மேட்டின் மேல் பண்ணையில் மணல் பரப்பிச் சுண்ணாம்பு தூவியிருந்தது. ஆனாலும் கொட்டகைக்குப் பக்கத்தில் போனதும் செம்மலின் கண்ணில் நீர் முட்டியது. மூக்குக்குள் ஊசி குத்துவது போலிருந்தது. கொட்டகையில் பாதி காலியாகக் கிடந்தது.

பொன்னுத்தாய்க்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, அவள் தள்ளிப் போய் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டாள்.

“கிட்ட வாங்க, பேசணும்,” என்றார் ரஞ்சிதா.

“வேணாங்க. ஒங்களுக்கு நாறும்.”

அவள் கைகள் வெளுத்து, விரல் இடுக்குகளில் வெடித்திருந்தன. சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து வந்த வெடிப்பு என்று செம்மலுக்குப் புரிந்தது.

“ஆடியில நாறுச்சுன்னாக. சரி, நம்ம மேலதான் தப்புன்னு குப்பையை எல்லாம் அங்கிட்டு மாத்திட்டேன். சுண்ணாம்பு போட்டேன். அப்பறமும் நாறுது நாறுதுன்னு ஊரு பூரா சொல்லிட்டாரு. பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தியும் ஒக்கார மாட்டேங்குறா. என் மக வீட்டுக்குப் போனா, பேரப்புள்ளையத் தூக்க மாப்பிள்ளை வீட்டுல யோசிக்கிறாக. நானும் மூணு வேளை குளிச்சுப் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. என் மூக்குதான் மரத்துப்போச்சோ என்னமோ.” அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “இந்தத் தடவை குஞ்சு எறக்கல. மேட்டை அவருக்கே வெலைக்குக் குடுத்துட்டுப் போயிரலாமான்னு இருக்கு. அவரும் ரெண்டு வருசமா கேக்குறாரு.”

இறங்கி வரும்போது செம்மல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பாவமாத்தான் இருக்கு. ஆனாலும் பண்ணை நாறத்தான் செய்யுது மேடம்.”

“நாறுது. எது மாதிரி?”

“குத்துற மாதிரி. கண்ணு எரியுது.”

“கீழ டென்ட்ல?”

“அது வேற மேடம். அது ஏதோ செத்துப்போனது மாதிரி. நாக்குல ஒட்டுது.” சொல்லிவிட்டு செம்மல் அப்படியே நின்றுவிட்டான். தன் மூக்கு காலையிலேயே சொன்னதைத் தான் காதில் வாங்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. “மீனு,” என்றான் மெல்ல. “அழுகுன மீன் கொடல். அப்ப, இது பிளெஸ்ஸி வேலைதான். அவதானே கழுவுறா.”

“வா, எல்லாரையும் வச்சே பேசிருவோம்.”

ஆனந்தராஜ், பிளெஸ்ஸி, பொன்னுத்தாய் மூவரையும் ரஞ்சிதா சாப்பாட்டுக் கொட்டகைக்கு வரவழைத்து உட்காரச் சொன்னார். பொன்னுத்தாய் உட்காரவில்லை, ஓரமாக நின்றாள். ஆனந்தராஜ் அவள் பக்கம் திரும்பாமல் மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து பொன்னுத்தாய் இன்னும் ஓரடி தள்ளிப்போனாள்.

“ஆடியில அடிச்ச நாத்தம் நிஜம்,” என்று தொடங்கினார் ரஞ்சிதா. “அப்பக் காத்து மேற்கேருந்து. மேடும் மேற்கே. ஆனா ஐப்பசி பொறந்ததும் காத்து மாறிருச்சு. இப்ப அடிக்கிறது வாடைக் காத்து, வடகிழக்கேருந்து வருது. அந்த அடுப்புப் புகையைப் பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். புகை மேட்டை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தது.

“இந்தக் காத்துல பண்ணை வாடை இங்க வராது. வந்தாலும் கண்ணு எரியணும். டென்ட்ல யாருக்கும் கண்ணு எரியல, குமட்டுது. அது கோழி எச்சத்தோட நாத்தம் இல்ல. உள்துணிக்கும் கித்தானுக்கும் நடுவுல வச்சுத் தைச்ச மீன் கொடல். எறும்பு அந்தத் தையலைத் தேடித்தான் ஏறுது.”

ஆனந்தராஜ் மெல்லத் தலையை ஆட்டினார். “அப்படியா. இந்தப் பொண்ணைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்கணும். மீன் கழுவுறது இவதானே.”

பிளெஸ்ஸியின் முகம் வெளிறியது. அரைமணி நேரத்துக்கு முன்னால் தானும் அதையேதான் சொன்னோம் என்று செம்மலுக்கு நினைவு வந்தது.

“இவங்க கழுவுறாங்க. கொடலைக் கேட்டு வாங்குறது நீங்க. உங்க டென்ட்ல ஊசி எடுக்குறதும் நீங்க ஒருத்தர்தான்,” என்றார் ரஞ்சிதா. “அதை விடுங்க. நேத்து அஞ்சாம் டென்ட்ல நாத்தம் தாங்காம ஓடியாந்தேன்னு சொன்னீங்க. இன்னிக்கு அங்க இவன் மூக்குக்கே ஒண்ணும் தெரியல. அது எப்படி?”

“காத்துன்னு சொன்னேனே.”

“செம்மல், அந்த எறும்பு போற தையலைப் பிரி.”

எல்லோரும் ஐந்தாம் கூடாரத்துக்குப் போனார்கள். செம்மல் அங்கே ஒரு நாற்காலியில் ஏறி, கத்தி முனையால் நூலை அறுத்தான். புது நூல். கையளவு மஸ்லின் பொட்டலம் ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. குளிர்ந்து, வழுவழுவென்று. பிரித்தால் மீன் குடலும் செவுளும். இன்னும் சிவப்பு மாறவில்லை. முகத்தருகே கொண்டுபோனால்தான் வாடை.

“சித்திரையா இருந்தா ஒரு பகல் போதும், அழுகியிருக்கும்,” என்றார் ரஞ்சிதா. “நாங்க வர்றதுக்குள்ள நாறிரும்னு நம்பித்தான் அஞ்சாம் டென்டையும் சேத்துச் சொன்னீங்க. ராத்திரி பூரா மழை, குளிர். அழுகல. நாறாத டென்ட் நாறப் போகுதுன்னு தெரிஞ்சிருந்தது, பொட்டலத்தை வச்சவருக்கு மட்டும்தான்.”

ஆனந்தராஜின் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. ஒரு கணக்கு பிசகிப்போன எரிச்சல் மட்டுமே தெரிந்தது. “மேடம், தொழில் பண்றவனுக்குத்தான் தெரியும். ரெண்டு மாசம் மழைன்னா ரெண்டு மாசம் கடையை மூடணும். அந்த மேடு சும்மாதானே கெடக்கு. நான் யாரை அடிச்சேனா, வெட்டுனேனா. லேசா ஒரு வாடை, அவ்வளவுதான்.”

“ஒண்ணாம் டென்ட்ல இருக்குறதையும் எடுத்துருவோம்,” என்றார் ரஞ்சிதா. “அதை நீங்களே பிரிங்க.”

வேறு வழியில்லாமல் ஆனந்தராஜ் கத்தியை வாங்கிக்கொண்டு முதல் கூடாரத்துக்குப் போனார்; மற்றவர்களும் பின்னால் போனார்கள். தையல் விட்டதும் பொட்டலம் அவர் மணிக்கட்டில் விழுந்து பிதுங்கியது. கறுத்த கூழ் முழங்கை வரை வழிந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன. புதிதாக வைத்துத் தைத்தவர், அழுகிய பிறகு அதை ஒருநாளும் தொட்டதில்லை. கையை உதறிக்கொண்டு வெளியே ஓடி, பலகைப் பாதையின் விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தார். அத்தர் வாசனையும் அதுவும் கலந்து வந்தபோது செம்மலும் திரும்பி நின்று ஓங்கரித்தான்.

பொன்னுத்தாய் மட்டும் மூக்கைப் பொத்தாமல் கூடாரத்துக்குள் போனாள். தரையில் கிடந்த பொட்டலத்தின் முன் குந்தி உட்கார்ந்து நன்றாக மூச்சை இழுத்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு தன் புறங்கையை முகர்ந்து பார்த்தாள்.

“இதுவாங்க,” என்றாள். “இதையா என் மேலருந்து வருதுன்னாக.”

பிளெஸ்ஸி வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனந்தராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “அக்கா, மனுவைத் திருப்பி வாங்கிக்கிறேன். நாளைக்கு யாரும் வர வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிர்றேன். விசயம் நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா அப்பறம் ஒரு பய இங்க தங்க வரமாட்டான்.”

பொன்னுத்தாய் எழுந்தாள். அதுவரை யாருக்கும் பத்தடி தள்ளியே நின்றவள், நேராக அவரிடம் நடந்து, அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள். பின்வாங்கியது அவர்தான்.

“நான் நாறுறேன்னு ஊருக்கே சொன்னீகள்ல. இதையும் சொல்லுங்க.” பிறகு பிளெஸ்ஸியின் பக்கம் திரும்பினாள். “வாளியை வச்சிரு ஆத்தா. எதையும் கழுவ வேணாம். நாளைக்கு அவுக வந்து நிக்கிற வரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும்.”

ரஞ்சிதா கைபேசியை எடுத்து, மறுநாள் வரவேண்டிய அதிகாரியை அழைத்தார். “கண்டிப்பா வாங்க சார்,” என்றார். “பண்ணைக்குப் போகுமுன்னே கீழே, டென்டுக்கு வந்துருங்க. இந்தம்மா உங்களுக்காகக் காத்திருப்பாங்க.”

பொன்னுத்தாய் ஒரு நாற்காலியை இழுத்து, முதல் கூடாரத்தின் வாசலில், அந்த நாற்றத்துக்குள்ளேயே போட்டு உட்கார்ந்துகொண்டாள். போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.