ஆள் சரி, அட்டை எங்கே?

அன்று காலை பத்து நாற்பதுக்குத் தணிகாசலத்துக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. அதனால் ஒன்பதரைக்குக் குளித்து முடித்து, கடைசி இட்லியை மென்றபடியே வண்டிக் கூடத்துக்கு இறங்கினான். செவ்வாயில் இதெல்லாம் வழக்கம்தான். கருக்கலத்தில் ஒன்பது மாதம் வளர்ந்த பிள்ளையை, குறித்த நிமிடத்தில் கலமே திறந்து வெளியே விடும். பெற்றவர்களில் ஒருவர் எதிரே நின்று முதல் குரல் கொடுக்க வேண்டும். யாரும் வராவிட்டால் பிள்ளை ஆறு மாதத்துக்குப் பொது வளர்ப்பகம் போய்விடும். அங்கே இயந்திரத் தாதிகள் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா அப்பாவை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்துத்தான் சிரிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மனைவி வேல்விழி தென்துருவப் பனிச்சுரங்கத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் புழுதிப் புயலில் மாட்டிக்கொண்டாள். வர மூன்று நாளாகும். "நீங்க கரெக்டா போயிடுவீங்கல்ல?" என்று நேற்று நாலு முறை கேட்டாள். நாலாவது முறை அவனுக்குக் கோபம்கூட வந்தது.

வண்டிக்கு அருகே போனாலே கதவு திறக்க வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் அணுக்க அட்டை விடும் அலையை மோப்பம் பிடித்துத் திறப்பதுதான் அதன் வேலை. இன்று திறக்கவில்லை.

"கதவைத் திற."

"அட்டை இல்லை" என்றது வண்டி.

தணிகாசலம் அட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே நீட்டினான். "இந்தா, இருக்கே!"

"அது உயிரோடு இல்லை. மின்கலம் தீர்ந்துவிட்டது."

"சரி, என்னைத் தெரியுதா இல்லையா?"

"நன்றாகத் தெரிகிறது. உங்கள் முகம், குரல், நடை, இடது முழங்காலில் வரும் சொடக்குச் சத்தம் எல்லாம் பொருந்துகின்றன. நீங்கள் தணிகாசலம். ஆனால் நீங்கள்தான் தணிகாசலம் என்பதற்குச் சான்று இல்லை."

வண்டி சொன்னதில் ஏதோ நியாயம் இருப்பது போலவும், எங்கேயோ பெரிய ஓட்டை இருப்பது போலவும் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. அட்டையை உதறினான். வாயால் ஊதினான். சட்டையில் தேய்த்தான். உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினான். கெட்டுப்போன கருவி தட்டினால் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை, பூமியிலிருந்து வந்த முதல் கப்பலிலேயே இறங்கிவிட்டது.

"என்னண்ணே, காலையிலேயே வண்டியோட சண்டையா?" என்றபடி வந்தாள் பக்கத்து வீட்டு ஜெபக்கனி. காற்றுக்குழாய் பழுது பார்ப்பவள்.

"ஜெபா, உன் வண்டியில கொண்டு விட்டுடும்மா. பத்து நாப்பதுக்குப் பிள்ளை வந்துடும்!"

"செத்த அட்டையோட உங்கள ஏத்தினா என் வண்டி நகராதேண்ணே. உள்ள இருக்க ஒவ்வொரு ஆளுக்கும் உயிருள்ள அட்டை வேணும்."

கருக்கலக் கூடம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, காற்றடைத்த அடுத்த கவிகைக் கூரைக்குள் இருந்தது. நடந்து போகலாமென்றால் நடுவே காற்றே கிடையாது. வேல்விழியிடம் என்ன சொல்வது? இட்லி சாப்பிடும்போதே அட்டை செத்துவிட்டது என்றா?

ஜெபக்கனி அட்டையை வாங்கிப் பார்த்தாள். "இது வெளிச்சத்துல தானே மின்சாரம் ஏத்திக்கும்! எப்படிண்ணே தீரும்?" திருப்பிப் பார்த்தவள் நெற்றியில் கை வைத்தாள். "இது என்ன?"

"ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சேன். குங்குமமும். நாலு நாளாச்சு."

"ஒளி உள்ள போற துளைமேலயா?"

"நடுவுல அதுதான் வட்டமா, பொட்டு வைக்கத் தோதா இருந்தது."

செவ்வாயில் சந்தன மரம் ஏது? ஆலைச் சந்தனம் காய்ந்தால் சிமெண்ட். அவள் திருப்புளியால் சுரண்டினாள். ஆனால் கூடத்து வெளிச்சத்தில் மின்சாரம் ஏற இரண்டு மணி நேரமாகும். அப்போதே மணி பத்தை நெருங்கிவிட்டது.

"கைப்பிடிக்குக் கீழ ஒரு வட்டம் இருக்கும்ணே. செத்த அட்டைய அதுல ஒட்டி வெச்சா வண்டியே கொஞ்சம் உயிர் குடுக்கும். கையேட்டுல மொத பக்கத்துலயே போட்டிருப்பான்."

"கையேடு வண்டிக்குள்ள இருக்கு. உறையே பிரிக்கல."

"சரி, வட்டம் எங்க?"

அவன் கதவைக் காட்டினான். அங்கே மூன்று பட்டை விபூதி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஜெபக்கனி திருப்புளியை அவன் கையிலேயே கொடுத்தாள். சாமிக்கு வைத்ததைச் சுரண்டுகிறோமே என்று ஒரு கணம் தயங்கியவன், கன்னத்தில் போட்டுக்கொண்டு வெறிபிடித்தவன் போல் சுரண்டினான். வட்டம் தெரிந்தது. அட்டையை அழுத்தினான். அது ஒரு முறை கண் சிமிட்டியது.

"வணக்கம், உரிமையாளரே!" என்றது வண்டி, அவனை அப்போதுதான் பார்ப்பது போல.

"இந்த வட்டத்தை முன்னமே சொல்லியிருக்கலாம்ல?"

"அட்டை இல்லாதவர்களிடம் வண்டியின் ரகசியங்களைச் சொல்லக் கூடாது."

பத்து முப்பத்தொன்பதுக்கு அவன் மூச்சிரைக்கக் கருக்கலக் கூடத்துக்குள் ஓடினான். கலம் திறந்தது. சிவந்த கைகால்களை உதைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை வீரிட்டது. "அழாதடா தங்கம், அப்பா வந்துட்டேன்" என்றான். ஒன்பது மாதமாகக் கலத்துக்குள் குழாய் வழியே பிள்ளை கேட்டு வந்த குரல் அது. குழந்தை அழுகையை நிறுத்தி அவன் பக்கம் தலையைத் திருப்பியது. தாதி இயந்திரம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையை அவன் கையில் வைத்தது. தணிகாசலம் வெட்கமில்லாமல் அழுதான். பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவன் அழுததேயில்லை.

"வீட்டுக்குப் போகலாம்" என்றது தாதி.

வாசல்வரை போனவன் நின்றான். முகத்தில் குழப்பம் படர்ந்தது. திரும்பி வந்தான்.

"என் அட்டையை நீங்க பார்க்கவே இல்லையே?"

"தேவையில்லை. குழந்தை உங்களை அடையாளம் கண்டுகொண்டது."

"அது சரிங்க. இது என் பிள்ளைதான்னு நான் எப்படி நம்புறது? இதுக்கு அட்டை எங்கே?"

தாதி இடப்பக்கம் 'குழந்தை அட்டை' என்று எழுதிய ஒரு சாளரத்தைக் காட்டியது. குழந்தை அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தணிகாசலம் போய் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால், ஆளுக்கொரு பச்சைக் குழந்தையை ஏந்தியபடி பதினாறு பேர் நின்றிருந்தார்கள்.