மொட்டை மாடியில் ஒரு வெயில் திருடன்

உலகத்திலேயே முதன்முதலாகச் சூரியனைச் சொந்தமாக வாங்கியவர்கள் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு கே பிளாக் மக்கள்தான். வரலாறு இதைப் பொன்னெழுத்துகளால் பொறித்து வைக்கும்.

இதைச் சொன்னது வரலாறு இல்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் டில்லிபாபு. மொட்டை மாடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் முழங்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சிறப்பு விருந்தினர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

உண்மையில் அவர்கள் வாங்கியது சூரியனை அல்ல. வெயிலை மின்சாரமாக மாற்றும் நீலநிறப் பலகைகளை. பிளாக்கில் இருந்த எல்லா வீடுகளும் பங்கு போட்டு வாங்கியதால் அவை எல்லாருக்கும் பொது. பகலெல்லாம் பலகைகள் வெயில் குடிக்கும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பேட்டரிகள் அதைச் சேர்த்து வைக்கும். ராத்திரி கரண்ட் போனால் வீட்டுக்கு ஒரு விளக்கு எரியும், ஒரு குட்டி ஃபேன் சுற்றும்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருடம். கரண்ட் போவதற்குக் காரணமே தேவைப்படவில்லை. அத்திப்பட்டில் மலைமலையாக நிலக்கரியை எரித்துக் கரண்ட் செய்கிறார்கள் என்று ஆறாம் வகுப்பு மகிழினி பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். அந்தக் கரண்ட் புளியந்தோப்புக்கு வரும் வழியில் அசந்துபோய் எங்கேயோ உட்கார்ந்துவிடுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், நடந்து வருகிறதோ என்னவோ.

சூரியன் கொஞ்ச நாள் ஒழுங்காக வேலை பார்த்தது. பிறகு அதுவும் அசந்துவிட்டது. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எல்லா வீட்டு விளக்குகளும் தூக்கம் வந்த குழந்தை போலக் கண் சொருகி அணைந்தன.

"திஷ்டி பட்டுகீது," என்றார் கீழ்வீட்டுக் கோவிந்தம்மா. "ஊரு கண்ணு பூரா நம்ம மாடி மேலதான்."

உடனே மீசையும் கோரைப் பல்லும் வரைந்த பெரிய பூசணிக்காய் ஒன்று பலகைகளுக்கு நேர் மேலே தொங்கவிடப்பட்டது. விளக்கு இன்னும் சீக்கிரம் அணைந்தது.

பலகை மாட்டிய கம்பெனியிலிருந்து ஒருவர் காலையில் வந்து பார்த்தார். "நல்லாத்தானே வேலை செய்யுது?" என்று சொல்லிவிட்டு, பூசணிக்காயை ஒரு தடவை பயத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

பலகை சரி. பேட்டரி சரி. திருஷ்டியும் கழித்தாயிற்று. அப்படியானால் மிச்சம் இருப்பது மனிதர்கள்தான்.

"யாரோ கரண்ட்ட திருடுறாங்க," என்று அறிவித்தார் டில்லிபாபு. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டை காணாமல் போனால் முழியைப் பார்த்தே திருடனைப் பிடித்துவிடுவேன் என்று அடிக்கடி சொல்வார். அப்படி யாரையாவது பிடித்தாரா என்று யாரும் கேட்டதில்லை.

"அதான் தெரிஞ்ச கதையாச்சே தலைவரே," என்றார் கோவிந்தம்மா. "அந்த புஷ்பவல்லி ராத்திரில தைக்கிது பாரு. மிஷின் போட்டுகினு கரண்ட்ட இஸ்துக்கும்."

புஷ்பவல்லி மகிழினியின் அம்மா. பகலில் துணிக் கம்பெனியில் தைப்பாள். மாலையில் ஒரு பை நிறைய ரவிக்கைகளோடு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து ஹூக் வைப்பாள். வீட்டில் மிஷினே கிடையாது. ஊசிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூட்டம் போட்டு, புஷ்பவல்லி வீட்டு ஒயரை வெட்டுவது பற்றி விவாதிப்பது என்று முடிவாயிற்று. வெட்டுவது என்பதும் முடிவாகிவிட்டது. விவாதம் ஒரு மரியாதைக்காக.

சனிக்கிழமை மாலை அம்மா செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாம எடுக்கலன்னு போயி சொல்லும்மா," என்றாள் மகிழினி.

"சொன்னேன்டி. சிரிக்கிறாங்க. ஊசி நூலுக்கு இன்னாடி கரண்ட்டு? வெளிச்சம் இருந்தா போதும். அந்த வெளிச்சத்தையும் வெட்றதுன்னா வெட்டிக்கட்டும். சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல."

"வெளிச்சம் இல்லாம ஹூக்கு எப்டிம்மா வெப்ப?"

அம்மா குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தாள். அப்பா கன்டெய்னர் லாரியில் கிளம்பினால் எப்போது வருவார் என்று லாரிக்கே தெரியாது. அந்த வீட்டில் மாதக் கடைசியைத் தள்ளிக்கொண்டு போனவை அந்தக் குட்டி ஹூக்குகள்தான்.

மறுநாள் தண்ணீர் லாரி மத்தியானம்தான் வந்தது. மகிழினி பள்ளிச் சீருடையைத் துவைத்து மாடிக்கு எடுத்துப் போனாள். எல்லாக் கொடிகளிலும் துணி நிறைந்திருந்தது. பலகைகளுக்குப் பக்கத்தில் ஒரு கயிறு மட்டும் காலியாகத் தொங்கியது. அதில் உலர்த்திவிட்டு வந்தாள்.

டீ நேரத்தில் போய்ப் பார்த்தபோது சட்டையின் ஒரு கை அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. இன்னொரு கையைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

ஒரே சட்டை. ஒரே கயிறு. ஒரே வெயில்.

மகிழினி அண்ணாந்து பார்த்தாள். சூரியன் லீவு போடாமல் மேற்குப் பக்கம் காய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சூரியனுக்கும் சட்டைக்கும் நடுவே டில்லிபாபு நின்றார்.

நிஜ டில்லிபாபு இல்லை. பேனர் டில்லிபாபு. திறப்பு விழா போட்டோவில் விழ வேண்டும் என்பதற்காக மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் மூங்கில் நட்டுக் கட்டிய ராட்சத பேனர். 'பகலவனைப் பங்கிட்டுத் தந்த பண்பின் சிகரமே!' என்ற எழுத்துகளுக்குக் கீழே அவர் கைகூப்பிச் சிரித்தார். அவர் தலைக்குப் பின்னால் பத்துச் சூரியன்களுக்குத் தேவையான கதிர்கள் வரையப்பட்டிருந்தன.

அவருடைய நிழல் சட்டையின் ஒரு கையை மூடி, அப்படியே நீண்டு, பலகைகள் மேல் குறட்டை விடாத குறையாகப் படுத்திருந்தது. காலையில் நிழல் தெருப் பக்கம் விழும். அதனால்தான் கம்பெனி ஆள் கண்ணில் படவில்லை. மத்தியானத்துக்கு மேல் பலகைகள் குடித்ததெல்லாம் தலைவருடைய நிழலைத்தான். முதலில் கொஞ்ச நாள் விளக்கு நன்றாக எரிந்தது, பேட்டரிகள் கம்பெனியிலேயே நிரம்பி வந்ததால்தான்.

பந்து தேடி மாடிக்கு வந்த மூன்றாம் மாடி தீனாவுக்கு மகிழினி அதைக் காட்டினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"சூப்பரு மகி! சாயங்காலம் கூட்டத்துல எல்லாரும் வந்தப்புறம் எய்ந்து நில்லு. 'தலைவரு மூஞ்சிதான் கரண்ட்ட முழுங்கிகினு கீது'ன்னு கத்து. செம மாஸா இருக்கும்!"

அப்படிக் கத்த மகிழினிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லார் முன்னாலும் மூக்கறுபட்டவர் அடுத்து என்ன செய்வார்? இன்னும் முறைத்துக்கொண்டு ஒயரை வெட்டத்தான் சொல்வார். அதோடு, இந்தப் பலகைகளுக்காக அவர் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கிச் செருப்பு தேய்ந்து போய், ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு திரிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தச் செருப்புக்கு யாரும் பேனர் வைக்கவில்லை.

"நீ போயி பந்து தேடு," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

டில்லிபாபு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, துண்டால் விசிறிக்கொண்டு, மாலைக் கூட்டத்துக்கான சொற்பொழிவை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க பேனர யாருமே பாக்க மாட்டேங்கறாங்க."

முணுமுணுப்பு நின்றது. "இன்னாது?"

"மாடி உள்பக்கமா பாத்துகினு கீது இல்ல? தெருவுல போறவங்களுக்கு உங்க முதுகுதான் தெரியுது. வெறும் வெள்ளை. மூஞ்சிய காக்காதான் பாக்குது மாமா. காலைல ஒரு காக்கா உங்க நெத்தி மேல உக்காந்து..."

"உக்காந்து?"

"வேணாம் மாமா. கலீஜா இருக்கும்."

டில்லிபாபு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அத்த பஸ் ஸ்டாப்பாண்ட கட்டிருக்கணும். எவன்டா மேல கட்டச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். மேலே கட்டச் சொன்னது அவர்தான். மகிழினி பின்னாலேயே ஏறினாள்.

மாடியில் அவர் ஒரு மூங்கில் கயிற்றை அவிழ்த்தார். பேனர் ஒரு பக்கமாகச் சரிந்தது. பலகைகள் மேல் படுத்திருந்த நிழலும் சடாரென்று சரிந்து விலகியது. வெயில் விழுந்து பலகைகள் பளீரென்று கண்ணைக் கூசவைத்தன.

டில்லிபாபு கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பலகைகளைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். கடைசியாக மகிழினியைப் பார்த்தார். அவருடைய காது மடல் மெல்லச் சிவந்தது.

"இத்த யாருக்கெல்லாம் சொல்லிகினு கீற?"

"தீனாவுக்கு மட்டுந்தான். வாயத் தொறந்தா அவன் பந்த ஒளிச்சி வெச்சிருவேன்."

அவர் பெருமூச்சு விட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். பேனரில் இருந்தவரைவிட மிகவும் சின்னவராகத் தெரிந்தார். "எத்தினி ஆபீஸு ஏறி எறங்கினேன் தெரியுமா? எல்லாம் இந்த மூஞ்சியால வீணாப் போச்சே."

"வீணாப் போவல மாமா. இனிமே நல்லா எரியும். ஆனா எங்கம்மா திருடலன்னு நீங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும்."

"சொல்றேன்மா."

"மைக்குல."

"மைக்குல சொல்றேன்மா!"

இருவருமாகப் பேனரைச் சுருட்டினார்கள். பூசணிக்காயையும் கீழே இறக்கினார்கள். அது உள்ளே அழுகி, ஏற்கெனவே பாதி ஈக்களுக்குச் சொந்தமாகியிருந்தது.

மாலையில் கூட்டம் கூடியது. அம்மா கடைசி வரிசையில், எப்படியும் நடக்கப்போவது நடக்கட்டும் என்ற முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள். டில்லிபாபு மைக்கைத் தட்டினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! தீவிர விசாரணைக்குப் பின் குற்றவாளி பிடிபட்டுவிட்டான்!"

கூட்டம் மொத்தமாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தது.

"அது நம்ம புஷ்பவல்லி இல்ல," என்றார் டில்லிபாபு. "சத்தியமா இல்ல. அந்தப் பொண்ணு ஊசில கையால தைக்கிது. அத்த சந்தேகப்பட்டது நம்ம தப்பு. மொதல்ல என் தப்பு."

"அப்ப யாரு தலைவரே?" கோவிந்தம்மா எழுந்தே விட்டார். "பேரச் சொல்லு! கீசிடலாம்!"

டில்லிபாபு தொண்டையைச் செருமினார். "பேரு வேணாம்மா. நல்ல மனுசன். தெரியாம செஞ்சிட்டான். இனிமே செய்ய மாட்டேன்னு மாடியில நின்னு சத்தியம் பண்ணிகீறான்."

"நீ ரொம்ப எளகின மனசு தலைவரே," என்றார் கோவிந்தம்மா. தீனா தன் சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

பேனர் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. டில்லிபாபுவே அதை வெட்டி, மூடி உடைந்திருந்த தண்ணீர்த் தொட்டி மேல் போட்டு மூடினார். முகம் உள்பக்கமாக.

அடுத்த நாள் முழுக்கப் பலகைகள் வயிறு முட்ட வெயில் குடித்தன. அன்று ராத்திரி கரண்ட் போனது. கே பிளாக்கில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரிந்தது. சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், அப்போதும் எரிந்தது. கோவிந்தம்மா ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்போடு வந்து, மன்னிப்பு என்ற சொல்லை வாய்க்குள்ளேயே மென்றுவிட்டு, "சூடா துன்னு" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அம்மா நிம்மதியாக ரவிக்கைகளை எடுத்து மடியில் வைத்தாள். ஒரு ஹூக் வைத்தாள். இரண்டாவது ஹூக்குக்கு நூல் கோத்தாள். மகிழினி அவள் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது விடிந்தபோது இரண்டாவது ஹூக் இன்னும் நூலிலேயே தொங்கியது; அம்மாவும் மகளும் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார்கள். தூங்கப் போகும்போது எல்லாரும் விளக்கை அணைத்துக் கரண்ட்டை மிச்சம் பிடித்திருந்தார்கள். அந்த பிளாக்கில் ராத்திரி முழுக்க அணைக்காமல் எரிந்த ஒரே விளக்கு புஷ்பவல்லி வீட்டுடையது.